‘மந்தன்’ படமும் சித்தியின் பால் அட்டையும்

பொங்கல் லீவுக்கு வளையமாதேவி போயிருந்தபோது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் திண்ணையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு ‘மந்தன்’ பார்த்தேன். ஷியாம் பெனகல் 1976இல் எடுத்த இந்திப் படம். குஜராத்தின் பால் உற்பத்தியாளர்கள் 5 லட்சம் பேர் ஆளுக்கு 2 ரூபாய் போட்டுத் தயாரித்தது. 2024இல் அதைச் சீரமைத்து கான் விழாவில் திரையிட்டார்கள். அப்போதே பார்க்கணும் என்று குறித்து வைத்தது, இப்போதுதான் நேரம் வாய்த்தது.

சித்தி மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு இரண்டு கலப்பினக் கறவை. முப்பது வருஷமாகச் சங்கத்துக்குப் பால் ஊத்துகிறவர். இந்தி தெரியாது. நான் துணைத்தலைப்பைப் பார்த்து அப்படியே சொல்லிக்கொண்டு வந்தேன். பத்து நிமிஷம் பேசாமல் இருந்தவர் முதலில் கேட்டது இதுதான்: “அந்தப் பொண்ணு எருமைக்கு என்ன தம்பி போடுது?”

எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தப் பதிவின் பாதி அந்தக் கேள்வியில் இருந்து வந்தது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேல் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். கூட்டுறவு பற்றி வாசிப்பது என் சனி ஞாயிறு வேலை. தப்பு இருந்தால் திருத்துங்கள்.

படத்தின் கதை சுருக்கமாக. டாக்டர் ராவ் என்ற கால்நடை மருத்துவர் (கிரிஷ் கர்னாட்) ஒரு கிராமத்துக்கு வருகிறார். அங்கே மிஸ்ரா என்ற தனியார் பால் வியாபாரி (அம்ரீஷ் புரி) வைத்ததுதான் விலை. ராவ் பாலைச் சோதித்து, கொழுப்புக்கு ஏற்ற விலை கொடுக்கும் சங்கம் ஒன்றை அமைக்கிறார். பிந்துவாக ஸ்மிதா பாட்டீல், போலாவாக நசிருதீன் ஷா. திரைக்கதை விஜய் தெண்டுல்கர். கடைசியில் ராவுக்கு மாற்றல் வருகிறது, ஊர் தன் சங்கத்தைத் தானே நடத்தத் தொடங்குகிறது.

இதை வெண்மைப் புரட்சியின் விளம்பரப் படம் என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. படத்தின் பாட்டை அமுல் பிற்பாடு விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டது அந்த எண்ணத்துக்கு உரம் போட்டிருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளம்பரப் படம் என்றால் பால் விலை ஏறும் காட்சியோடு முடிந்திருக்கும். இந்தப் படத்தில் அது பாதியிலேயே வந்துவிடுகிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் சங்கத்தின் தலைவர் தேர்தல். ஊர்த் தலைவர் நிற்கிறார், எதிரே ஒரு தலித் வேட்பாளர் நிற்கிறார், தலித் வேட்பாளர் ஜெயிக்கிறார். அதற்குப் பிறகுதான் ஊரில் நெருப்பு விழுகிறது. பாலைச் சோதித்தபோது மிஸ்ராவுக்கு மட்டும்தான் கோபம், ஓட்டுப் போட்டபோது ஊரே ரெண்டாகிறது. பெனகலும் தெண்டுல்கரும் சொல்ல வந்தது எனக்கு இங்கேதான் பிடிபட்டது. கொழுப்பு பார்க்கும் கருவி வந்தால் காசு கொஞ்சம் கூடும். அந்தக் கருவி யார் பொறுப்பில் இருக்கும் என்பதை ஊற்றுகிறவர்களே முடிவு செய்யும்போதுதான் அது கூட்டுறவு.

பால் சோதிக்கும் காட்சியில் சித்தி தலையாட்டினார். “டிகிரி பாக்குறாங்க.” தேர்தல் காட்சியில் அவருக்கு ஆர்வம் வரவில்லை. “சங்கத்துக்கு என்னாத்துக்கு எலெக்‌ஷன்?” என்றார். இத்தனை வருஷம் ஊத்தியும் அவருக்குப் பழக்கமில்லாத விஷயம் அது.

ஏன் பழக்கமில்லை என்று தேடியபோது ஒரு தேதிப் பொருத்தம் கிடைத்தது. ‘மந்தன்’ வெளியான அதே 1976இல் தமிழ்நாட்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி. அந்த ஆட்சியில் வந்த சட்டம் ஒன்றின் பெயர் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் (தனி அலுவலர்கள் நியமனம்) சட்டம், 1976. தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் குழுக்களின் இடத்தில் அரசு அதிகாரிகளை உட்கார வைப்பதற்கான சட்டம். அது பாலை மட்டும் மனதில் வைத்து வந்ததல்ல, கூட்டுறவு என்ற மொத்தத் துறைக்கும் வந்தது. அதற்கடுத்து மாநிலம் தழுவிய கூட்டுறவுத் தேர்தல் 1996இல்தான். இருபது வருஷம்! 2001இல் மறுபடி தனி அலுவலர்கள். 2013, 2018 தேர்தல்களில் பல இடங்களில் போட்டியே இல்லை, ஆளுங்கட்சிக்காரர்கள் போட்டியின்றித் தேர்வானார்கள் என்பது செய்தித்தாள் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். 2018இல் வந்தவர்களின் ஐந்து வருஷம் 2023இல் முடிந்தபோது அடுத்த தேர்தல் உடனே வரவில்லை, தனி அலுவலர்கள் திரும்பி வந்தார்கள். இதில் எந்தக் கட்சியும் இன்னொரு கட்சியைக் குறை சொல்ல முடியாது.

ஆனந்த் மாதிரி என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதன் கதையே வேறு. பம்பாய்க்குப் பால் அனுப்பும் உரிமை முழுவதும் போல்சன் என்ற கம்பெனியிடம் இருந்ததை எதிர்த்து, 1946இல் கைரா மாவட்ட விவசாயிகள் பதினைந்து நாள் பால் தர மறுத்தார்கள். அதில் பிறந்ததுதான் கைரா ஒன்றியம், பதிவானது அதே வருஷம் டிசம்பர் 14. திரிபுவன்தாஸ் படேல் தலைவர். வர்கீஸ் குரியன் வந்து சேர்ந்தது 1949இல்தான். வேலைநிறுத்தம் முந்தி, இன்ஜினியர் பிந்தி. நம்மூரில் வரிசை தலைகீழ். 1958இல் பால்வளத் துறை, 1972இல் அரசின் பால்வளக் கழகம், 1981 பிப்ரவரியில் கூட்டுறவு இணையம், அதன் பெயர்ப்பலகை ஆவின். துறைக்குள் இருந்து கழகம் வந்தது, கழகத்துக்கு மேல் கூட்டுறவு என்ற சட்டையைப் போட்டார்கள். சோதனைக் கருவி, குளிர்விப்பு நிலையம், டேங்கர் லாரி எல்லாம் வந்தது. ஓட்டு மட்டும் வழியில் எங்கேயோ இறங்கிவிட்டது.

என் தொழில் மொழியில் சொன்னால், சித்தி இந்த அமைப்பில் ‘ரீட் ஒன்லி’ பயனர். விலை அறிவிப்பைப் பார்க்கலாம், மாற்ற முடியாது.

விலை விஷயத்துக்கு வருவோம். 2021 மே மாதம் புதிய அரசு வந்ததும் ஆவின் பால் விற்பனை விலையை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது, நீலப் பாக்கெட் 43இல் இருந்து 40 ஆனது. நகரத்தில் எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். விவசாயிக்குக் கொடுக்கும் விலை 32 ரூபாயாகவே நின்றது. 2022 நவம்பரில்தான் 35 ஆனது. 2023 டிசம்பரில் அதன் மேல் 3 ரூபாய் ஊக்கத்தொகை. கவனியுங்கள், இரண்டு முனையிலும் விலையை முடிவு செய்வது அரசுதான். நகரத்து வாக்காளருக்கு மலிவாகவும் கிராமத்து வாக்காளருக்கு நியாயமாகவும் ஒரே நேரத்தில் இருக்கப் பார்க்கிறார்கள். நடுவில் இடிபடுவது ஒன்றியத்தின் கணக்குப் புத்தகம். அங்கே இடித்தால் பட்டுவாடா தள்ளிப்போகும். சித்தி முன்பு ஊற்றிய ஒரு சங்கத்தில் பத்து நாளுக்கு ஒரு முறை வர வேண்டிய காசு ஒரு தடவை நாற்பது நாள் இழுத்தது. கறவைக்காரருக்கும் புண்ணாக்குக் கடைக்கும் அந்த நாற்பது நாளைச் சொல்ல முடியுமா?

இன்னொன்று. அந்த 35 ரூபாய் என்பது 4.3 சதவீதக் கொழுப்பும் 8.2 சதவீதம் கொழுப்பல்லாத திடப்பொருளும் உள்ள பாலுக்கு. கலப்பின மாட்டுப் பால் பெரும்பாலும் அந்தக் கொழுப்பைத் தொடாது. சித்தியின் அட்டையை வாங்கிப் பார்த்தேன். விலை 35 ஆக இருந்த காலத்தில் அவருக்கு விழுந்தது முப்பது, முப்பத்தொன்று. “டிவில முப்பத்தஞ்சுன்னாங்க, நம்ம மாடு டிவி பாக்காது போல” என்றார்.

இனி மிஸ்ரா. படத்தில் அவர் சுத்தமான வில்லன். இன்றைய மிஸ்ரா அவ்வளவு எளிதில் பிடிபட மாட்டார். 1991க்குப் பிறகு பால் பதப்படுத்த உரிமக் கட்டுப்பாடு தளர்ந்தது, தனியார் வந்தார்கள். ஐஸ்கிரீமில் தொடங்கிய ஹட்சன் ‘ஆரோக்யா’ பால் கொண்டுவந்தது. ஆந்திரத்தின் ஹெரிடேஜ், திருமலா, டோட்லா வந்தன. திருமலாவை 2014இல் பிரான்ஸின் லாக்டாலிஸ் வாங்கியது. பொதுவாக, தனியார் வண்டி வீட்டு வாசலுக்கே வரும். மாடு வாங்க முன்பணம் கிடைக்கும். வாராவாரம் வங்கிக் கணக்கில் காசு ஏறும். 2023 கோடையில் அவர்கள் ஆவினைவிடக் கூடுதல் விலை கொடுத்தார்கள், ஆவினின் தினசரிக் கொள்முதல் 30 லட்சம் லிட்டருக்குக் கீழே இறங்கியது. மூன்று வருஷம் முன்னால், 2020 ஊரடங்கில், இதே தனியார்களில் பலர் டீக்கடை மூடியதைக் காரணம் காட்டி விலையைக் குறைத்தார்கள், கொள்முதலைச் சுருக்கினார்கள். அப்போது எல்லோரும் ஆவினுக்கு ஓடினார்கள், ஆவினும் வாங்கியது. ஆவினின் பக்கம் இருக்கும் மிகப் பெரிய வாதமாக நான் பார்ப்பது இந்த 2020ஐத்தான். அதற்கு உரிய பாராட்டு கிடைக்கவில்லை என்றும் நினைக்கிறேன்.

இந்தப் பின்னணியில் ஒரு ஆவணத்தைப் படிக்க வேண்டும். 2023 மே 25 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய உள்துறை, கூட்டுறவுத் துறை அமைச்சர் அமித் ஷாவுக்கு எழுதிய கடிதம். கைரா ஒன்றியம் தன் பலமாநிலக் கூட்டுறவு உரிமத்தைப் பயன்படுத்திக் கிருஷ்ணகிரியில் குளிர்விப்பு மையங்களும் பதப்படுத்தும் ஆலையும் அமைத்திருக்கிறது, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், சுய உதவிக் குழுக்கள் வழியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி, வேலூர், காஞ்சிபுரம் உள்ளிட்ட மாவட்டங்களில் பால் வாங்கத் திட்டமிடுகிறது, ஒரு மாநிலக் கூட்டுறவின் பால் பகுதிக்குள் இன்னொன்று நுழையாமல் இருப்பது இதுவரை இருந்த மரபு, அதைக் காப்பாற்றுங்கள் என்பது சாரம். ஆவினுக்கு 9,673 சங்கங்கள், சுமார் 4.5 லட்சம் உறுப்பினர்கள், நாளுக்கு 35 லட்சம் லிட்டர் என்ற கணக்கும் அதில் உண்டு.

கடிதத்தின் கவலை நியாயமானது. கூட்டுறவுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டால் லாபம் மூன்றாவது ஆளுக்கு. ஆனால் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறுத்தியது. ‘பால் பகுதி’ என்பது ஒரு நிலப்பரப்பு. அதில் இருக்கும் 4.5 லட்சம் பேரும் அந்த நிலப்பரப்பின் வளமாகத்தான் கடிதத்தில் வருகிறார்கள். இவர்கள் ஆவினின் உரிமையாளர்கள் என்றால், உரிமையாளர் தன் கடையை விட்டு எதிர்க்கடைக்கு ஏன் சரக்கு கொடுக்கப் போகிறார்? அந்தக் கேள்வி எழவே இல்லை. எழுந்திருந்தால் விலை, பட்டுவாடா, தேர்தல் மூன்றையும் பேச வேண்டி வந்திருக்கும்.

அமுல் பக்தர்களும் ரொம்பக் குதிக்க வேண்டாம். குரியனையே 2006இல் குஜராத் கூட்டுறவு இணையத்தின் ஒன்றியத் தலைவர்கள் எதிர்த்து நின்று, அவர் பதவி விலகினார். அங்கேயும் ஒன்றியத் தேர்தல் என்றால் கட்சிதான். சரி, கிருஷ்ணகிரியில் அமுலுக்குப் பால் ஊற்றும் ஒருவர் ஆனந்தில் நடக்கும் பொதுக்குழுவில் கை தூக்க முடியுமா? சுய உதவிக் குழு வழியாக விற்கிறவர் அமுலுக்கு உறுப்பினரா, சப்ளையரா? சப்ளையர் என்றால் தமிழ்நாட்டைப் பொறுத்தவரை அமுல் நல்ல பெயருள்ள இன்னொரு தனியார், அவ்வளவுதான். ‘மந்தன்’ எடுக்க 2 ரூபாய் போட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே மிஸ்ராவின் இடத்தில் வந்து நிற்கிறார்கள் என்பதை பெனகல் கூட யோசித்திருக்க மாட்டார்.

அமெரிக்காவில் நூறு வருஷத்துக்கு முன்னால் இதே சண்டை நடந்திருக்கிறது. ஆரன் சபிரோ என்ற கலிஃபோர்னிய வழக்கறிஞர், விவசாயிகள் எல்லோரும் ஒரே கூட்டுறவில் சேர்ந்து மொத்தச் சரக்கையும் கையில் வைத்து விலையை ஆள வேண்டும் என்றார். எட்வின் நோர்ஸ் என்ற பொருளாதார அறிஞர் மறுத்தார். கூட்டுறவு சந்தை முழுவதையும் பிடிக்க வேண்டியதில்லை, நியாய விலை எவ்வளவு என்று காட்டும் அளவுகோலாக இருந்தால் போதும், அது இருக்கிற தைரியத்தில் விவசாயி தனியாரிடம் பேரம் பேசுவார் என்பது அவர் கருத்து. ஆவினைப் பற்றி நாம் சட்டசபையில் கேட்பதெல்லாம் சபிரோ பாணிக் கேள்விகள்: எத்தனை லட்சம் லிட்டர், சந்தையில் எத்தனை சதவீதம். நான் நோர்ஸ் பக்கம். 2020இல் ஆவின் நல்ல அளவுகோலாக இருந்தது. 2023இல் அந்தக் கோலில் எண்கள் பழசாகிவிட்டன, சந்தை நகர்ந்த பிறகும் அது அதே இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. எண்களைத் திருத்தும் கை சென்னையில் இருக்கிறது, உற்பத்தியாளரிடம் இல்லை.

உற்பத்தியாளர் கையில் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், அதுவும் இல்லை. நியூசிலாந்தின் ஃபான்டெரா 2001இல் உருவான, உலகின் பெரிய பால் கூட்டுறவுகளில் ஒன்று. அது 2025இல் ஆங்கர் போன்ற தன் நுகர்வோர் பிராண்டுகளை லாக்டாலிஸுக்கு விற்க முடிவு செய்தது. திருமலாவை வாங்கிய அதே லாக்டாலிஸ். அக்டோபரில் விவசாயிகள் ஓட்டுப் போட்டுப் பெருவாரியாகச் சம்மதித்தார்கள். அது தப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. கைக்கு வந்த பணத்துக்காகக் கடைத்தெருவில் இருந்த பெயரைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தப்பைச் செய்யும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது.

இப்போது சித்தியின் முதல் கேள்வி. பிந்துவின் எருமை என்ன தின்கிறது?

படத்தில் தீவனம் ஒரு பிரச்சினையாகவே வருவதில்லை. சாதி இருக்கிறது, கடன் இருக்கிறது, குடிகாரப் புருஷன் கூட இருக்கிறான், புல் இல்லை. கூட்டுறவு பற்றிய எல்லா எழுத்திலும் இதே ஓட்டை உண்டு. பால் என்பது கேனில் இருந்து தொடங்குகிறது என்று எல்லோரும் எழுதுகிறோம். எங்க ஊர்ப் பக்கம் அது வரப்பில் தொடங்குகிறது. வைக்கோல், வரப்புப் புல், கடலைக்கொடி. கடையில் வாங்குவது தவிடும் புண்ணாக்கும்தான். நிலமே இல்லாதவர்கள் கூட அடுத்தவர் வரப்பில் புல் அறுத்து ஒரு மாடு வைத்துக்கொள்வார்கள். யாரும் தடுப்பதில்லை.

ஸ்டாலின் கடிதம் மே 25. அதற்கு இரண்டு மாதம் கழித்து, 2023 ஜூலை 26 அன்று, வளையமாதேவியில் பரவனாற்றைத் திருப்பும் கால்வாய்க்காக என்.எல்.சி. இந்தியாவின் மண் தோண்டும் இயந்திரங்கள் பச்சை நெல் வயலில் இறங்கின. டிவியில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். நிலம் பல வருஷத்துக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் வாதம். உயர் நீதிமன்றத்தில் ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று பயிர் இழப்பீடு முடிவானது. அந்த வழக்கின் சரி தப்புக்குள் இந்தப் பதிவில் போகவில்லை, தனியாக எழுத வேண்டியது. இங்கே சொல்ல வந்தது அதன் அலகு பற்றி. கணக்கு ஏக்கரில். அடுத்தவர் வரப்பில் புல் அறுத்தவருக்கு ஏக்கர் எது? அவர் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லை. அவர் இருந்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு சாட்சி உண்டு என்றால் அது சங்கத்தின் பால் பதிவேடுதான், தேதி வாரியாக, லிட்டர் வாரியாக. ஒரு மெய்யான பால் கூட்டுறவு அந்தப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போய், இத்தனை உறுப்பினர்களின் தீவன ஆதாரம் இந்த வயல்களில் இருக்கிறது என்று பேசியிருக்கும். நான் தேடியவரை பால் கணக்கு யார் பேச்சிலும் வரவில்லை. கட்சிகள் பேசின, விவசாயச் சங்கங்கள் பேசின. தனி அலுவலர் என்பவர் அரசு ஊழியர், அவர் எப்படிப் பேசுவார்?

கட்டுரையை எழுதும் முன் ஒரு விஷயம் உறுதி செய்துகொள்ள சித்தியிடம் போனில் கேட்டேன், சங்கத் தேர்தலில் எப்பவாவது ஓட்டுப் போட்டிருக்கிறீர்களா என்று.

“எனக்கு ஏது ஓட்டு? கார்டு உங்க சித்தப்பா பேர்ல இல்ல இருக்கு.”

சித்தப்பா இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. பால் ஊற்றுவது சித்தி, கறப்பதும் பாதி நாள் சித்திதான், வங்கிக் கணக்கும் அவர் பெயரில்தான். உறுப்பினர் எண் மட்டும் இன்னும் சித்தப்பாவிடம். படத்தில் பிந்துவுக்கும் பாதிக் கதைதான், தேர்தல் காட்சி முழுக்க ஆம்பிளைங்க என்பதைப் பார்க்கும்போது நான் கவனிக்கவே இல்லை. மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.

இறப்புச் சான்றிதழ் நகல், வாரிசுச் சான்றிதழ், பங்குத்தொகை ரசீது. இந்த மூன்றும் கேட்பார்கள் என்று எழுத்தர் சொன்னாராம். ரசீதைத் தேடிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது மனுவை நானே எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.